மூன்று டிகிரித் தண்ணீர்

மரக்காணம்
29.8.2005

மதிப்பிற்குரிய அஹமது கபீர் பாய் அவர்களுக்கு,

முன்பின் பேசியிராத ஒரு பெண் உங்களுக்குக் கடிதம் எழுதுவதை மன்னிக்க வேண்டும். வாங்கிய ஏரோகிராம் ஒரு வாரமாக அரிசி டின் மேலேயே கிடந்தது. எழுதாமல் இருந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். அப்பா தினமும், "பாயிக்கு எழுதிட்டியாம்மா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

உங்கள் ஃபைபர் போட்டை வாங்கிய உப்பளத்துக் குழந்தைசாமியின் மகள் நான். பெயர் விருத்தாம்பாள். பெயரை வைத்து வயதானவள் என்று நினைத்துவிடாதீர்கள், விருத்தாசலத்தில் வேண்டிக்கொண்டு வைத்தது. திண்டிவனத்தில் பி.எஸ்ஸி. வேதியியல் முடித்து வீட்டில் இருக்கிறேன். அப்பாவுக்குக் கையெழுத்து மட்டும்தான் போடத் தெரியும். டெலிபோன் பூத்தில் மீட்டர் ஓடுவதைப் பார்த்தாலே எனக்குச் சொல்ல வந்தது மறந்துவிடும். அதனால் கூனிமேட்டில் உங்கள் வீட்டு ஜெயினம்பு அக்காவிடம் உங்கள் விலாசம் வாங்கி எழுதுகிறேன்.

டிசம்பர் அலை கொண்டுவந்து போட்ட பிறகு அந்தப் போட்டு எங்கள் குத்தகைப் பாத்தியில்தான் கிடந்தது. அதைச் சுற்றிச் சுற்றித்தான் நாங்கள் உப்பு வாரினோம். அது எங்களுடையதாகும் என்று நான் நினைத்ததே இல்லை. மழைக்காலத்தில் பாத்தி மூழ்கிவிட்டால் எங்களுக்கு வேலை கிடையாது. உப்பங்கழியில் இறால் பிடித்தாவது அந்த மாதங்களைத் தள்ளலாம் என்று அப்பா சொல்கிறார்.

இன்ஜின் கைப்பிடி போட்டுச் சுற்றினால் கிளம்புகிறது. வெள்ளைப் புகை விட்டுக்கொண்டே கொஞ்ச தூரம் போய் நின்றுவிடுகிறது. என் தாய்மாமா இருசப்பன் முன்பு கூலிக்குக் கடலுக்குப் போனவர். தனக்குத் தெரியும் என்று திறந்து பார்த்து மூடினார். ஒரு நட்டு மிச்சம் வந்தது. "கம்பெனிக்காரன் எக்ஸ்ட்ராவா போட்டிருக்கான் மாமா" என்று அதை அப்பா கையில் கொடுத்தார். நீங்கள்தான் வழி சொல்ல வேண்டும்.

இன்னொன்று. போட்டு எப்போதும் இடது பக்கமாகச் சாய்ந்து நிற்கிறது. ஏன் என்று தெரியவில்லை.

தரைப் பலகையைக் கழற்றிக் கழுவியபோது அடியில் ஒரு ஸ்பேனர் செருகிக் கிடந்தது. பிடியில் மஞ்சள் டேப் சுற்றியிருக்கிறது. உங்களுடையது என்றால் ஜெயினம்பு அக்காவிடம் கொடுத்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
கு. விருத்தாம்பாள்

* * *

786

தம்மாம்
15.9.2005

அன்புள்ள குழந்தைசாமி அண்ணனுக்கு,

நலம். நலமறிய ஆவல். பிள்ளை எழுதியது கிடைத்தது. பதிலை உங்கள் பேருக்கே எழுதுகிறேன், அதுதான் முறை. பிள்ளையைப் படிக்கச் சொல்லிக் கேட்கவும்.

வெள்ளைப் புகை என்றால் டீசலில் தண்ணீர் கலந்திருக்கிறது. கேனை ஆட்டாமல் ஒரு நாள் வைத்து, மேலே நிற்பதை மட்டும் துணியில் வடித்து ஊற்றவும். அப்புறம் நாசிலைக் கழற்றிச் சுத்தம் செய்யவும். இன்ஜின் தலையில், டீசல் குழாய் வந்து சேரும் இடத்தில் விரல் நீளத்துக்கு இருக்கும். டீசலைப் புகையாகத் தூவுவது அதுதான். கம்பி விட்டுக் குத்தக் கூடாது. நல்ல டீசலில் ஊறவைத்துப் பித்தளை பிரஷ்ஷால் தேய்த்தால் போதும். உப்புத் தண்ணீர் மட்டும் படவே கூடாது. உள்ளே ஓடும் ஊசி துருப்பிடித்து இறுகிவிட்டால் இன்ஜின் வெறும் இரும்புதான். இது பழைய மாடல், அந்தச் சாமான் பாண்டியில் கிடைக்காது. போய்விட்டால் எனக்கு எழுதவும். இங்கே மார்க்கெட்டில் தேடி, ஊருக்கு வரும் ஆளிடம் கொடுத்தனுப்புகிறேன்.

இன்ஜின் உட்காரும் கட்டையில் போல்ட்டுகளை ஒவ்வொரு தடவையும் தொட்டுப் பார்க்கவும். அதிர்வில் தளரும். இருசப்பனிடம் மிச்சமான நட்டு அங்கே உள்ளதாகத்தான் இருக்கும். கரைக்கு வந்ததும் நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவவும்.

சாய்வதைப் பற்றி நான் புதிதாக எழுத ஒன்றும் இல்லை. கொடுக்கும்போது சொன்னது அண்ணனுக்கு ஞாபகம் இருக்கும். அதை மீற வேண்டாம்.

ஸ்பேனரை வீட்டுக்குக் கொடுத்தனுப்ப வேண்டாம். எடுத்த இடத்திலேயே வைத்துவிடவும். இல்லை, பிள்ளையே வைத்துக்கொள்ளட்டும். எங்கள் அம்மா கண்ணில் மட்டும் பட வேண்டாம்.

வஸ்ஸலாம்,
அ. கபீர்

* * *

மரக்காணம்
2.10.2005

மதிப்பிற்குரிய கபீர் பாய் அவர்களுக்கு,

நீங்கள் எழுதியபடியே செய்தோம். இன்ஜின் ஓடுகிறது. உப்பு வாரி வாரி அப்பாவின் விரல்கள் தடித்து மரத்துப்போயிருக்கின்றன, அவருக்குச் சின்னச் சாமான் பிடிபடாது. அதனால் நாசிலைக் கழற்றியதும் மாட்டியதும் நான்தான். மஞ்சள் டேப் ஸ்பேனர் சரியாகப் பொருந்தியது. முதல் சுற்றிலேயே இன்ஜின் பிடித்ததும் அப்பா சிரித்த சிரிப்பை நான் பட்டம் வாங்கிய அன்றுகூடப் பார்த்ததில்லை.

கொடுக்கும்போது என்ன சொன்னீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. அப்பாவிடம் கேட்டேன். "வியாபாரம்னா நாலு சொல்லுவாங்க, எல்லாத்தையும் மனசுல வெச்சிக்கிட்டிருக்க முடியுமா?" என்று எழுந்து போய்விட்டார். அம்மா கொளஞ்சியம்மாளுக்கும் ஒன்றும் தெரியவில்லை. பாய் ஏதோ சொன்னார் என்றதும் அவர் முகம் வாடிவிட்டது. அதற்குமேல் நான் கேட்கவில்லை.

உங்களிடம் கேட்க ஒரு காரணம் இருக்கிறது. சாய்வைச் சரிக்கட்ட இருசப்பன் மாமா வலது பக்கம் உப்பு மூட்டைகளை அடுக்கியிருக்கிறார். கல் எதற்கு, நம்மிடம்தான் உப்பு இருக்கிறதே என்று அவருக்குப் பெருமை. போட்டு இப்போது நேராக நிற்கிறது. ஆனால் அடியில் தண்ணீர் சேர்கிறது. இறைத்துவிட்டு வந்தால் மறுநாள் மறுபடியும் கணுக்கால் அளவு நிற்கிறது. அப்பா கவலைப்படுவதாக இல்லை.

"உப்பு வேர்க்குதும்மா. மூட்டை கட்டி வெச்சா வேர்க்கத்தானே செய்யும்? உனக்குத் தெரியாததா?"

எங்கள் வீட்டில் யாரும் அப்படித்தான் சொல்வார்கள். மழைக்காற்று பட்டால் அம்பாரம் முழுக்க வேர்த்து அடியில் தண்ணீர் கட்டும். பிறந்ததிலிருந்து அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

ஆனாலும் எனக்கு மனம் ஒப்பவில்லை. பாத்தித் தண்ணீரின் கனம் பார்க்கும் டிகிரிக் குழாயை எடுத்துப் போய், போட்டுக்குள் மூட்டைகள் படாத ஓரத்தில் புதிதாகச் சேர்ந்த தண்ணீரில் விட்டுப் பார்த்தேன். மூட்டை வேர்த்த தண்ணீர் என்றால் முப்பதுக்குப் பக்கம் காட்ட வேண்டும். குழாய் மூன்றுக்குக் கொஞ்சம் மேலே நின்றது. மூன்று டிகிரி என்றால் கடல். கழுவிவிட்டு மறுபடியும் பார்த்தேன். மூன்றுதான்.

மூட்டைகளின் அடிப்பகுதி கரைந்து தளர்ந்திருக்கிறது. உள்ளே வரும் தண்ணீர் உப்பைத் தின்றுகொண்டிருக்கிறது. எங்கிருந்து வருகிறது என்று நீங்கள் சொல்வீர்களா?

கு. விருத்தாம்பாள்

* * *

786

தம்மாம்
17.10.2005

அன்புள்ள விருத்தாம்பாளுக்கு,

இந்தத் தடவை உனக்கே எழுதுகிறேன் அம்மா. நோன்பு நேரம். மறைக்க மனசு வரவில்லை. அண்ணனிடம் நான் எதையும் மறைக்கவும் இல்லை.

போட்டை உங்கள் பாத்தியிலிருந்து எடுத்த அன்று டிராக்டரில் கயிறு கட்டி இழுத்தோம். சேற்றில் வழுக்கிக்கொண்டு வந்தது, வரப்புக் கல்லில் ஏறியதும் அடிப்பக்கம் இடது புறமாக விரிசல் விட்டுவிட்டது. சாய்வதும் அதனால்தான். நானும் உன் அப்பாவும் பக்கத்தில் நின்று பார்த்தோம். ஃபைபர் மேட் ஒட்டிப் பெயிண்ட் அடித்தோம். ஒட்டியவன் பத்து நாள் காய வேண்டும் என்றான். எனக்கு லீவு முடிகிற நேரம், காயவிடவில்லை. இதையெல்லாம் சொல்லித்தான் கொடுத்தேன். கழிக்குள் ஓட்டுங்கள், நின்றால் இடுப்பளவு தண்ணீர், இறங்கி நடந்து வந்துவிடலாம், முகத்துவாரத்தைத் தாண்டி மட்டும் வேண்டாம் என்றேன். அண்ணன் என் கையைப் பிடித்து, "சரி பாய், கடலுக்கும் எனக்கும் என்னா இருக்குது" என்றார்.

ஒரு சோதனை சொல்கிறேன். போட்டைக் கரையேற்றிக் கவிழ்த்து, ஒரு ரூபாய் நாணயத்தால் அடிப்பக்கம் முழுக்கத் தட்டிக்கொண்டே போ. நல்ல இடத்தில் டக் டக்கென்று கெட்டியாகக் கேட்கும். ஒட்டு விட்ட இடத்தில் சத்தம் செத்துப்போய்க் கேட்கும். அப்படி எவ்வளவு அகலம் என்று பார்த்து எழுது.

அதுவரை கழியைத் தாண்ட வேண்டாம் என்று அண்ணனிடம் இதைப் படித்துக் காட்டு. அங்கே ஐப்பசிக் காற்று ஆரம்பித்திருக்கும். முகத்துவாரத்தில் மணல் எங்கே இருக்கிறது என்று குப்பத்து ஆட்களுக்கே தெரியாத காலம் இது.

அ. கபீர்

* * *

மரக்காணம்
5.11.2005

மதிப்பிற்குரிய கபீர் பாய் அவர்களுக்கு,

உங்கள் வீட்டில் எல்லோருக்கும் ரம்ஜான் வாழ்த்துகள். இனி எனக்கு எழுதுவதை ஜெயினம்பு அக்காவுக்கு எழுதும் கடிதத்தோடு வைத்து அனுப்பினால் நல்லது. காரணம் சொல்கிறேன்.

உங்கள் கடிதத்தை அப்பாவிடம் படித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டார். "இவ்ளோவும் அதுல இருக்குதா, நீயா சேத்துப் படிக்கிறியா?" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அதைப் பார்த்து அவருக்குச் சந்தேகம் அதிகமாகிவிட்டது. கடிதத்தை வாங்கிக்கொண்டு போய், பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் தேசப்பனிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லியிருக்கிறார். அவர் குப்பத்துக்காரர், போட்டு வைத்திருப்பவர். கடையில் இருந்த எல்லோரும் கேட்கும்படி படித்திருக்கிறார். கடைசியில், "என்னா குழந்தைசாமி, பாய் உன்ன பாத்தியிலயே போட்டு ஓட்டச் சொல்றாரா? இடுப்பளவு தண்ணிதான், பயப்படாம போ" என்றாராம். கடையே சிரித்திருக்கிறது.

மறுநாள் விடிந்ததும் அப்பாவும் மாமாவும் முகத்துவாரத்தைத் தாண்டிப் போனார்கள். மத்தியானம் வரை அம்மா கரையிலேயே நின்றார். கூடை நிறைய சங்கராவோடு வந்தார்கள். அந்த மீனை அப்பா டீக்கடை வழியாகத்தான் தூக்கிக்கொண்டு வந்தார். அதன் பிறகு காற்று அடங்கும் நாளெல்லாம் போகிறார்கள்.

தீபாவளியன்று போட்டு கரையில் கவிழ்ந்து கிடந்தபோது நாணயத்தால் தட்டினேன். நடுவிலிருந்து இடது பக்கமாக, என் இரண்டு கையையும் விரித்தால் மூட முடியாத அகலத்துக்குச் சத்தம் இல்லை. ஒட்டின் ஓரத்தில் நகம் நுழைகிறது. உள்ளே ஈரம். நாக்கில் வைத்துப் பார்த்தேன். கசந்தது.

பாய், கடல் தண்ணீருக்கு அந்தக் கசப்பு கிடையாது. அது உப்பு எடுத்த பிறகு பாத்தியில் மிஞ்சும் கசப்புத் தண்ணீர். சேற்றில் இழுபட்ட அன்றே விரிசலுக்குள் ஏறியிருக்கிறது. அது வெறுமனே காயாது, காற்றிலிருந்தே ஈரத்தை இழுத்துக்கொண்டிருக்கும். பத்து நாள் இல்லை, பத்து மாதம் வைத்திருந்தாலும் அதன்மேல் எதுவும் ஒட்டாது. அந்த இடத்தை வெட்டி எடுத்து, நல்ல தண்ணீரில் பல நாள் கழுவி, முழு வெயிலில் உலர்த்தி, பிறகுதான் புதிதாக ஒட்ட வேண்டும். நான் படித்ததில் இது ஒன்றுதான் இதுவரை வீட்டுக்கு உபயோகப்படும் போலிருந்தது. சொன்னேன். "வெயில் வந்தா உப்பு வாரப் போவேன்மா, போட்டு எதுக்கு?" என்கிறார் அப்பா.

நேற்று மாமா புதிதாக இரண்டு மூட்டை ஏற்றினார்.

கு. விருத்தாம்பாள்

* * *

786

தம்மாம்
18.11.2005

விருத்தாம்பாளுக்கு,

இதை ஜெயினம்பு உன் கையில் கொடுப்பாள். படித்துவிட்டுக் கிழித்துவிடு.

அந்த ஸ்பேனர் என் தம்பி அஷ்ரப்புடையது. மஞ்சள் டேப் நான் இங்கிருந்து வாங்கிப் போனது. அவன் சாமான் எதுவும் காணாமல் போகக் கூடாது என்று எல்லாவற்றிலும் சுற்றி வைத்திருந்தான். அலை வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் இன்ஜின் கட்டை போல்ட்டை முடுக்கப் போனான். போட்டு உங்கள் பாத்தியில் கிடைத்தது. தம்பி கிடைக்கவில்லை. அதைக் கண்ணில் படாமல் அனுப்பிவிடு என்று அம்மா சொன்னதால்தான் விற்றேன்.

உன் அப்பாவுக்கு இது தெரியும். வீட்டில் சொன்னால் யாரும் போட்டைத் தொட விட மாட்டார்கள் என்று சொல்லாமல் இருந்திருப்பார். அவரைக் குறை சொல்லவில்லை. ஆனால் நீ எழுதியதைப் படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அண்ணனுக்கு நேராக எழுதப்போகிறேன். போட்டைத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லப்போகிறேன். கேட்கவில்லை என்றால் தேசப்பனுக்கும் எழுதுவேன், குப்பத்து நாட்டாமைக்கும் எழுதுவேன். வெட்கமாவது ஒன்றாவது. உயிர் பெரிது.

வேண்டாம் என்று நீ நினைத்தால் உடனே எழுது. உன் பதில் வரும் வரை கையை அடக்கி வைத்திருக்கிறேன்.

அ. கபீர்

* * *

மரக்காணம்
1.12.2005

கபீர் அண்ணனுக்கு,

கிழிக்கச் சொன்னீர்கள், கிழித்துவிட்டேன். அதன் பிறகு ஸ்பேனரை எடுத்து வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். நீங்கள் சொன்ன அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மாவும் நானும் பாத்திக்குப் போகாததால் தப்பித்தோம்.

தயவுசெய்து அப்பாவுக்குப் புத்தி சொல்லி எழுதாதீர்கள். தேசப்பனுக்கும் நாட்டாமைக்கும் எழுதவே வேண்டாம். போன தடவை நாம் சொன்னது டீக்கடை வரை போய்த்தான் அவரைக் கடலுக்குத் தள்ளியது. திருப்பி எடுத்துக்கொள்கிறேன் என்றால் கொடுக்கவும் மாட்டார். வேண்டாம் என்று உங்கள் கடிதம் வரும் அன்றே போவார். அப்பா கெட்டவர் இல்லை, பிடிவாதக்காரரும் இல்லை. பிறர் பாத்தியில் காலமெல்லாம் வரப்பு மிதித்தவர். அந்தப் போட்டு ஒன்றுதான் அவருக்கென்று இருப்பது.

போன வாரம் முகத்துவாரத்தில் ஒரு அலை தூக்கிப் போட்டதில் மூட்டைகள் சரிந்து இடது பக்கம் விழுந்தன. போட்டு ஓரம் முழுகி எழுந்தது. மாமா வந்து சொல்லும்போது சிரித்துக்கொண்டுதான் சொன்னார். "கடல் உங்கப்பாவ எட்டிப் பாத்துட்டு, உப்புக்காரன் நமக்கு வேணாம்னு உட்டுடுச்சி." அம்மா சிரிக்கவில்லை. இறைத்த தண்ணீரில் கைநீள ஃபைபர் பிசிர் மிதந்ததை நான் மட்டும்தான் பார்த்தேன்.

அதனால் ஒரு காரியம் செய்தேன். அப்பா சந்தைக்குப் போயிருந்தபோது நாசிலைக் கழற்றினேன். உங்கள் தம்பியின் ஸ்பேனரால்தான். கசப்புத் தண்ணீர் நிற்கும் சட்டியில், காற்று அடங்காத மூன்று நாளும் போட்டு வைத்து, எடுத்துத் துடைத்து, இருந்த இடத்திலேயே மாட்டிவிட்டேன். உப்புத் தண்ணீர் படக்கூடாது என்று நீங்கள் எழுதியிருக்காவிட்டால் எனக்குத் தோன்றியிருக்காது. அப்பா சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பிடிக்கவில்லை. என்னையே கழற்றச் சொன்னார். கழற்றிக் கொடுத்தேன். ஊசி இறுகிப்போயிருந்தது. உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"உப்பு தின்னுடுச்சிம்மா. மூட்டையை ஏத்துனது தப்பு."

அவர் கையிலிருந்து அதை வாங்கித் துணியில் சுற்றி வைத்தேன். அவ்வளவுதான்.

வானொலியில் இன்னொரு புயல் சின்னம் என்கிறார்கள். முகத்துவாரத்தின் இரைச்சல் எங்கள் வீடு வரை கேட்கிறது. மழை விட்டதும் பாண்டியில் பழைய இன்ஜின் ஏதாவது வாடகைக்குப் பார்க்கலாம் என்று மாமா சொல்கிறார். அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. முதலில் பாயைக் கேட்போம், பாய் சொன்னால் சொன்னதுதான் என்கிறார். விற்கும்போது குறையைச் சொல்லி விற்றவர் என்று உங்களை இன்னும் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

நாளைத் தபாலில் அவருடைய கடிதம் உங்களுக்குக் கிளம்பும். கையெழுத்து என்னுடையதாக இருக்கும், வார்த்தைகளெல்லாம் அவருடையவை. நாசில் கேட்டு எழுதச் சொல்லியிருக்கிறார். உங்கள் பதிலை நான் மாற்றிப் படிக்க முடியாது. அவர் அதையும் தேசப்பனிடம் கொண்டுபோய்ப் படிக்கச் சொல்லிக் கேட்பார்.

பொய் சொல்லாத ஒருவரிடம் இதைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. அதனால்தான் இவ்வளவு பக்கம் சுற்றி வந்தேன். அண்ணா, இந்தக் கடிதத்துக்குப் பதில் போட வேண்டாம். அப்பாவின் கடிதத்துக்கு மட்டும் போடுங்கள். நாசில் கிடைத்துவிட்டது, ஊருக்கு வரும் ஆளிடம் கொடுத்தனுப்புகிறேன், அதுவரை வேறு இன்ஜின் பார்க்க வேண்டாம் என்று உங்கள் கையாலேயே எழுதுங்கள். அப்பா மறுபடியும் உப்பு வாரப் போகும் பங்குனி வெயில் வரும் வரை அனுப்பாதீர்கள்.

விருத்தாம்பாள்